நாள்பட்ட நோயோடு நடமாட: கைத்தடி முதல் வீல்சேர் வரை, எதை எப்படித் தேர்ந்தெடுப்பது

கால் உடைந்தவருக்கு டாக்டரே "ஆறு வாரம் வாக்கர் வைத்து நடங்க" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், லூபஸ், பார்கின்சன், ஃபைப்ரோமயால்ஜியா, கோவிட் வந்து போன பிறகும் விடாமல் தொடரும் அசதி என்று வருடக்கணக்கில் கூடவே இருக்கும் நோய்க்காரர்களுக்கு அப்படி யாரும் தேதி போட்டுச் சொல்வதில்லை. மருந்துச் சீட்டில் மாத்திரை இருக்கும், ரத்தப் பரிசோதனை இருக்கும், கைத்தடி இருக்காது. நாமும் "இன்னும் நடக்க முடிகிறதே" என்று தள்ளிப் போடுவோம். எனக்கு முடக்குவாதம். காலையில் எழுந்ததும் விரலும் முட்டியும் பிடித்துக்கொண்டு, பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தளர்ந்து, சாயங்காலம் மறுபடி கனக்கும் உடம்பு. இந்த மாதிரி உடம்போடு இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். உங்கள் உடம்பு நன்றாக இருக்கும் நேரத்தை வைத்து சாதனம் வாங்காதீர்கள். ஒரு நாளில் எந்த நேரம் ரொம்ப மோசமோ, எந்த இடத்தில் உடம்பு கைவிடுமோ, அதை வைத்து வாங்குங்கள். கடைக்குப் போவதே நன்றாக இருக்கும் நாளில்தான் என்பதால் எல்லாருக்கும் ஒரு சாதாரணத் தடியே போதும் என்று தோன்றும். வலி கூடும் வாரத்தில் அது உதவாது, உடனே "தடியால் ஒன்றும் பிரயோஜனம் இல்லை" என்று மூலையில் சாத்திவிடுவோம்.

அதனால் வாங்குவதற்கு முன்னால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த நேரத்தில் எது வலிக்கிறது, எங்கே தடுமாறுகிறீர்கள், எங்கே நின்று மூச்சு வாங்குகிறீர்கள், வீட்டுக்குள் நடக்கும்போது எந்தச் சுவரை, எந்த நாற்காலியைத் தன்னையறியாமல் பிடித்துக்கொள்கிறீர்கள். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டால், சாதனம் தேவைப்படும் கட்டம் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்த நோட்டோடு ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தால், வெறும் "கால் வலிக்குது சார்" என்று போவதைவிட நல்ல பதில் கிடைக்கும். இன்னொன்று, திடீரென்று ஒரு பக்கம் பலம் குறைந்தாலோ, கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அது தடி வாங்கித் தீர்க்கிற விஷயம் இல்லை, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

எதற்காகத் தேவைப்படுகிறது?

வலியா, தடுமாற்றமா, அசதியா என்று பிரித்துப் பாருங்கள். மூன்றும் கலந்தே இருக்கலாம், ஆனால் எது பெரிய தொல்லை என்பது தெரிய வேண்டும்.

ஒரு பக்க இடுப்பிலோ முட்டியிலோ வலி என்றால் பெரும்பாலும் ஒற்றைத் தடி போதும். இரண்டு காலிலும் வலி அல்லது பலக்குறைவு என்றால் எல்போ க்ரட்ச் (முன்கையில் மாட்டும் ஊன்றுகோல்) ஜோடியோ வாக்கரோ வேண்டும். தடுமாற்றம்தான் பிரச்சினை என்றால் தரையில் அதிக இடத்தில் ஊன்றுவது தேவை. அசதி என்றால் கதையே வேறு: அங்கே ஊன்றுவதைவிட உட்காருவதுதான் மருந்து. சீட் வைத்த ரோலேட்டர் (நான்கு சக்கர வாக்கர்), மடக்கு ஸ்டூல், வெளியே போகும்போது வீல்சேர், இவற்றைத்தான் யோசிக்க வேண்டும். எழுந்து நின்றாலே நெஞ்சு படபடத்துத் தலை சுற்றுகிறவர்களுக்கும் இதேதான். அசதிக்காரருக்குத் தடி வாங்கிக் கொடுத்து "இப்போ நடக்கலாமே" என்று சொல்வது நிறைய வீடுகளில் நடக்கிறது. அவரால் நடக்க முடியும், நடந்தபின் இரண்டு நாள் படுத்துக் கிடப்பார் என்பதுதான் விஷயம்.

இதோடு கையையும் பார்க்க வேண்டும். தடி, க்ரட்ச், வாக்கர் எல்லாமே கால் சுமையைக் கைக்கு மாற்றுகின்றன. முடக்குவாதத்தில் மணிக்கட்டும் விரல் மூட்டும்தான் பெரும்பாலும் முதலில் கெடும். வளைந்த கொக்கி மாதிரிப் பிடி உள்ள பழைய மரத்தடி இவர்களுக்கு ஆகாது. உள்ளங்கை முழுக்கப் படியும்படி அகலமான பிடி வேண்டும், வலது கைக்கு இடது கைக்கு என்று தனித்தனியாகவே வருகிறது. மணிக்கட்டே தாங்காது என்றால் முன்கையைப் படுக்கவைத்து ஊன்றுகிற மாதிரி மேடை வைத்த க்ரட்சும் வாக்கரும் உண்டு. சாதாரண சர்ஜிக்கல் கடையில் இருக்காது, சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும்.

கைத்தடி

தாத்தா வைத்திருந்த தடி வீட்டில் இருக்கிறது என்று எடுத்துப் பழகாதீர்கள், உயரம் உங்களுக்குப் பொருந்தியிருக்க வாய்ப்பு குறைவு. வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டில் உள்பக்கம் கோடு இருக்கிறதே, பிடி அந்த உயரத்தில் இருக்க வேண்டும். பிடித்து நின்றால் முழங்கை லேசாக மடங்கும், 15 முதல் 30 டிகிரி வரை. அதிக உயரம் என்றால் தோள் தூக்கிக்கொண்டு கழுத்து வலி வரும், குட்டையாக இருந்தால் ஒரு பக்கம் சாய்ந்து முதுகு போகும். பட்டன் அழுத்தி உயரம் மாற்றும் அலுமினியத் தடி நல்லது, ஏனென்றால் நம் ஊரில் வீட்டுக்குள் வெறுங்கால், கோயிலில் வெறுங்கால், ரோட்டில் செருப்பு. ஒரு ஓட்டை தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். மாற்றிய பிறகு பட்டன் முழுக்க வெளியே வந்து பூட்டிக்கொண்டதா என்று அழுத்திப் பாருங்கள்.

எந்தக் கையில்? வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில். இடது முட்டி வலித்தால் வலது கையில் தடி. பார்ப்பவர்கள் எல்லாரும் "வலிக்கிற பக்கம் பிடிம்மா" என்பார்கள், கேட்காதீர்கள். ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில் இடுப்பெலும்பு சாயாமல் இருக்க அந்தப் பக்கத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன, அதனால் மூட்டின் மேல் விழும் பாரம் நம் எடையைப் போலப் பல மடங்காகிறது. எதிர்க் கையில் ஊன்றினால் அந்த இழுவை குறைகிறது, மூட்டுக்கு ஓய்வு கிடைக்கிறது. தடியும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும், நல்ல கால் அப்புறம். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு வலிக்கும் காலும் தடியும். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில், நல்ல கால் கடைசியில். கைப்பிடிச் சுவரோ கம்பியோ இருந்தால் ஒரு கை கட்டாயம் அதில் இருக்கட்டும்.

தடியின் உயிரே அடியில் இருக்கும் ரப்பர் புஷ்தான். அடிப்பக்கத்து வரிகள் தேய்ந்து வழவழவென்று ஆனதும் மாற்றிவிடுங்கள், விலை மிகக் குறைவு, அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்பதால் பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். காலையில் வாசல் தெளித்த ஈரத்திலும் துடைத்த மொசைக் தரையிலும் புது ரப்பரே வழுக்கும், தேய்ந்தது என்றால் சொல்லவே வேண்டாம்.

மூன்று கால், நான்கு கால் தடிகளைக் கடைக்காரர்கள் "இதுதான் ஸ்ட்ராங்" என்று எடுத்து நீட்டுவார்கள். சமதளத்தில், வீட்டுக்குள், மெதுவாக நடக்கிறவருக்குச் சரி. நம் ரோட்டில் நான்கு காலில் ஒன்று எப்போதும் பள்ளத்தில்தான் இருக்கும், ஆடும். வெளியே போகிறவருக்கு அகலமான ரப்பர் வைத்த ஒற்றைக் கால் தடியே மேல். நான்கு கால் தடி வாங்கினால் அதன் தட்டையான பக்கம் உங்கள் உடம்பை ஒட்டி இருக்கட்டும், இல்லாவிட்டால் கால் இடறும்.

க்ரட்ச்

நம் ஊரில் க்ரட்ச் என்றாலே அக்குளில் வைக்கும் கட்டைதான் நினைவுக்கு வரும். சில வாரங்களுக்கு அது சரி, வருடக்கணக்கில் பயன்படுத்த எல்போ க்ரட்ச்தான் நல்லது. அக்குள் கட்டையில் உடம்பைத் தொங்கவிட்டுப் பழகினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும், மணிக்கட்டே தூக்க முடியாமல் போகலாம். அதையே பயன்படுத்த வேண்டியிருந்தால் மேல் பட்டைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி விட்டு, பாரத்தைக் கையில் தாங்குங்கள். எல்போ க்ரட்சில் அந்தத் தொல்லை இல்லை, முன்கையைச் சுற்றி ஒரு வளையம் இருப்பதால் பிடியை விட்டுவிட்டுச் சில்லறை எடுக்கலாம், கதவைத் திறக்கலாம், கீழே விழாது. வளையம் முழங்கைக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும்.

வாக்கரும் ரோலேட்டரும்

சக்கரம் இல்லாத வாக்கரை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும். நல்ல பிடிமானம், ஆனால் தோளும் மணிக்கட்டும் கெட்டவருக்கும் அசதிக்காரருக்கும் அதுவே தண்டனை. முன்னால் இரண்டு சக்கரம் வைத்தது நடுத்தரம். நான்கு சக்கரமும் பிரேக்கும் சீட்டும் உள்ளதுதான் ரோலேட்டர், அசதிக்கு இதைப் போல ஒன்று கிடையாது. வங்கி வரிசையில் உட்காரலாம், மருந்துக்கடையில் உட்காரலாம். உட்காரும் முன் இரண்டு பிரேக்கையும் கீழே அழுத்திப் பூட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும், சமதரையிலும். ஆனால் முழு எடையையும் சாய்க்கிறவருக்கு ரோலேட்டர் ஆபத்து, அது முன்னால் ஓடிவிடும். பார்கின்சனில் அடிகள் தன்னால் வேகமெடுக்கும் தன்மை உள்ளவர்கள் பிசியோவிடம் காட்டாமல் வாங்கக் கூடாது, அவர்களுக்கென்று பிரேக் மாற்றி அமைத்தவை தனியாக இருக்கின்றன.

எந்த வாக்கரானாலும் நாற்காலியிலிருந்து எழும்போது அதைப் பிடித்து இழுத்து எழாதீர்கள், அது உங்கள் மேலேயே சாயும். நாற்காலிக் கையை அழுத்தி எழுந்து நின்று, நிலைப்பட்ட பிறகு வாக்கரைப் பிடியுங்கள். வாக்கரை ரொம்ப முன்னால் தள்ளிவிட்டுக் குனிந்து பின்தொடர்வதும் வேண்டாம், உடம்பு அதன் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். புடவை, நைட்டி, வேட்டி எதுவானாலும் தரையைத் தொடாதபடி கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள். பின்பக்கம் பட்டை இல்லாத செருப்பை விட்டுவிடுங்கள். பையைப் பிடியில் தொங்கவிடாமல் முன்கூடையில் வையுங்கள்.

வீல்சேர்

இதில்தான் மனம் ரொம்பத் தயங்கும். நடக்க முடிகிறவர் வீல்சேர் வாங்கலாமா? வாங்கலாம். வீட்டில் நடந்துவிட்டு, மாலுக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் வீல்சேரில் போகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தெம்பு என்பது மாதக் கடைசியில் கையில் இருக்கும் காசு மாதிரி. அதை மண்டப வாசலிலிருந்து மேடை வரை நடப்பதிலேயே தீர்த்துவிட்டால், மணமக்களோடு நாலு வார்த்தை பேச ஒன்றும் மிஞ்சாது.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரி மாடல்: 18 அங்குல சீட், கனமான இரும்புச் சட்டம், யாராவது தள்ள வேண்டும். எப்போதாவது பயன்படுத்த அது போதும், அதையும் முதலில் மாத வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், பல சர்ஜிக்கல் கடைகள் தருகின்றன. தினமும் உட்காரப் போகிறீர்கள் என்றால் அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும். இடுப்பின் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரு அங்குலம் இடைவெளி, முட்டியின் பின்பக்கத்துக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல், கால்தட்டில் பாதம் முழுக்கப் படிய வேண்டும். அகலமாக இருந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும், சக்கரம் கைக்கு எட்டாது. குஷன் இல்லாமல் தொய்ந்த ரெக்சினில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் புண் வரும், குறிப்பாக உணர்ச்சி குறைந்தவர்களுக்கு. அடிக்கடி கையை ஊன்றி எழும்புங்கள், அல்லது பக்கம் மாற்றிச் சாயுங்கள்.

சென்னை ஐஐடியில் டிடிகே பெயரிலான மறுவாழ்வுக் கருவிகள் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கிருந்து வளர்ந்த நியோமோஷன் நிறுவனம் நியோஃப்ளை என்ற வீல்சேரை ஆள் அளவுக்குச் செய்து தருகிறது. நியோபோல்ட் என்ற மோட்டார் பகுதியை முன்னால் மாட்டினால் அதுவே ரோட்டில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை போகும் வண்டியாகிவிடும். விலை ஆஸ்பத்திரி மாடலைவிட பல மடங்கு. வேலைக்குத் தனியாகப் போய்வர வேண்டியவருக்கு அந்தச் செலவில் அர்த்தம் இருக்கிறது. கை மூட்டும் கெட்டவர்கள் கையால் உருட்டும் வீல்சேரைத் தினசரிக்கு யோசிக்கவே வேண்டாம், பேட்டரி வண்டிக்கு நேராகப் போய்விடுங்கள்.

வாங்கும் முன் தொட்டுப் பார்க்க ஓர் இடம்: சென்னை காமராஜர் சாலையில், மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரக வளாகத்தில் இருக்கும் "அனைத்தும் சாத்தியம்" அருங்காட்சியகம். சமையலறை, குளியலறை, நடமாட்டம் என்று எல்லாவற்றுக்கும் உதவிக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் சென்னை வரும்போது நேரம் ஒதுக்குங்கள்.

வீட்டை அளந்துவிட்டு வாங்குங்கள்

18 அங்குல சீட் வீல்சேரின் மொத்த அகலம் 25, 26 அங்குலம் வரும். நம் வீடுகளில் பாத்ரூம் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி, அதில் கதவின் தடிமன் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. டேப் எடுத்து அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள். வாசலில் சாய்தளம் போடுவதாக இருந்தால் 1:12 கணக்கு: ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். இடம் இல்லை என்று கொத்தனார் நாலடியில் செங்குத்தாகப் போட்டுக் கொடுப்பார், அதில் ஏற்றவும் முடியாது, இறங்கும்போது உருண்டும் போகும். இடமில்லை என்றால் எல் வடிவில் திருப்பி, திருப்பத்தில் சமதளம் விட்டுப் போடச் சொல்லுங்கள்.

பாத்ரூம்தான் விழும் இடம். துண்டு போடும் கம்பி நம் எடையைத் தாங்காது, சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடி வேண்டும், டாய்லெட் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. இந்தியன் டாய்லெட் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதன் மேலேயே வைக்கும் கமோடு நாற்காலி கிடைக்கிறது, கால்களில் ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். குளிக்க ஒரு உறுதியான பிளாஸ்டிக் ஸ்டூல், எடை குறைந்ததும் வழவழப்பானதும் வேண்டாம். ஹாலில் கிடக்கும் கால்மிதிகளையும் குறுக்கே ஓடும் சார்ஜர் ஒயரையும் எடுத்துவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

வெயிலில் நிறுத்திய வீல்சேரின் கம்பி சித்திரையில் கையைப் பொசுக்கும், பிடிகளுக்குத் துணி சுற்றி வையுங்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்குச் சூடு ஏறினாலே கால் தளர்ந்து கண் மங்கும், அவர்கள் மே மாதத்துக்கு வழக்கத்தைவிட ஒரு படி கூடுதலாகத் தாங்கும் சாதனத்தை வைத்துக்கொள்வது நல்லது. கோயிலுக்குப் போகும்போது தடியின் அடி ரப்பரைத் துடைக்க ஒரு ஈரத்துணி, அல்லது மாற்றிப் போட சுத்தமான இன்னொரு ரப்பர் பையில் இருந்தால், வாசலில் வாக்குவாதம் வராது.

பேச்சு

"நேத்து நல்லாத்தானே நடந்த, இன்னைக்கு என்ன தடி?" இந்தக் கேள்வி வரும், அத்தையிடமிருந்தும் வரும், ஆபீஸிலும் வரும். ஒரு வரியில் பதில் தயாராக வைத்திருங்கள்: "எனக்கு இது நாளுக்கு நாள் மாறும் அத்தை, இன்னைக்கு வேணும்." அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் கடன் இல்லை. "பழகிட்டா விட முடியாது" என்பார்கள். வலியால் நடையையே குறைத்துக்கொள்வதில்தான் தசை கரைகிறது. தடியோடு கடைத்தெரு வரை போய்வருகிறவர், தடி இல்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவரைவிட அதிகம் நடக்கிறார். நாள் முழுக்க வீல்சேர் என்று ஆகிறவர்கள் மட்டும் பிசியோ சொல்லும் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும், அதுவும் அவரவர் நோய்க்கு ஏற்ற அளவில்.

சான்றிதழ், உதவி, பயணம்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் பார்கின்சனும் பெயரோடு இருக்கின்றன. முடக்குவாதம் பெயரோடு இல்லை, ஆனால் மூட்டு அசைவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து கை கால் இயக்கக் குறைபாட்டின் கீழ் சதவீதம் போடுவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) ஆன்லைனில் விண்ணப்பித்து அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரே, சிகிச்சைச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டு போங்கள், அன்று பார்த்து உடம்பு நன்றாக இருந்தாலும் காகிதம் பேசும். அட்டை வந்த பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். வீல்சேர், ஊன்றுகோல், இரண்டு காலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் என்று அங்கே திட்டங்கள் உண்டு. உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில், அலிம்கோ என்ற அரசு நிறுவனம் தயாரிக்கும் சாதனங்கள் முகாம்களில் தரப்படுகின்றன, அதற்கு வருமான வரம்பு உண்டு. முகாமில் கொடுப்பது அளவு பொருந்தவில்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள்.

ரயிலில், துணை இல்லாமல் பயணிக்க முடியாத கை கால் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு, கூட வரும் ஒருவருக்கும் சேர்த்து. அதற்கு ரயில்வேயின் சான்றிதழ் படிவத்தை அரசு டாக்டரிடம் வாங்கித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விமானத்தில் டிக்கெட் போடும்போதே வீல்சேர் உதவி கேளுங்கள், மூன்று குறியீடுகள் இருக்கும்: படி ஏற முடியும் ஆனால் தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூசிஹெச்ஆர், படியும் முடியாது என்றால் டபிள்யூசிஹெச்எஸ், சீட் வரைக்கும் தூக்கிச் செல்லும் உதவி வேண்டும் என்றால் டபிள்யூசிஹெச்சி. நல்ல நாளை நினைத்து முதலாவதைப் போட்டுவிடாதீர்கள், ஏரோபிரிட்ஜ் (விமானத்துக்குள் நேராகப் போகும் பாலம்) இல்லாத ஊரில் ஏணிப்படி முன்னால் நிற்க வேண்டி வரும். சொந்த பேட்டரி வீல்சேர் கொண்டுபோவதாக இருந்தால் பேட்டரி வகை, எத்தனை வாட் ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு), கழற்ற முடியுமா என்ற விவரங்களை விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுப்பி, அவர்கள் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.